கூடாரத்தில் ஓர் இரவு
சாரணர் முகாமும் குடும்ப விருந்தினரும்



விழா மலர் என்றாலே கோவில் எழும்பிய கதையும், மணி வந்து சேர்ந்த கதையும், நம்மிடையே பணியாற்றிச் சென்ற குருக்களின் நினைவுகளும் இடம்பெறுவது மரபு. அவற்றையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். இப்பக்கங்களில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கூடாரத்தின் கதை.

கூடாரத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் குடியிருக்கின்றனர். அங்கே கத்தோலிக்கப் பங்குகள் பலவும் சாரணர் குழுக்களைத் தம் பொறுப்பில் நடத்தி வருகின்றன. ஞாயிறு திருப்பலி முடிந்த அதே வளாகத்தில், வாரநாள் மாலையில் நம் பேரப்பிள்ளைகள் குருளையராகவும் சாரணராகவும் கூடுகிறார்கள். கோடையில் முகாம் வருகிறது. அவ்வேளையில் இங்கிருந்து சென்று தங்கியிருக்கும் பெரியவர்களிடம் பேரப்பிள்ளை ஆசையோடு கேட்கிறது: “தாத்தா, பாட்டி, எங்க முகாமுக்கு வந்து ஒரு ராத்திரி தங்குறீங்களா?”

பெரியவர்கள் உடனே சம்மதிக்கிறார்கள். ஆனால் முகாமில் வேறு பதில் கிடைக்கிறது. பகலில் வரலாம், உண்ணலாம், பாசறைத் தீயருகே அமரலாம். இரவு தங்குவதென்றால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். “சொந்தப் பேரனோடு தங்க நமக்கே சீட்டு வேண்டுமா?” என்று மனம் வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் இயல்பானதே. எனினும், அந்தப் பதிலுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதை அறிந்தால் வருத்தம் நீங்கும். நம் சொந்தப் பிள்ளைகளைக் காக்கவும் அது நமக்கு உதவும்.

விருந்தோம்பலில் பிறந்த முகாம்

சாரணர் முகாமின் வேரைத் தேடிச் சென்றால், அது ஒரு விருந்தழைப்பில் போய் முடிவதைக் காண்கிறோம். எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் என்பவர் விலங்குகளைப் பற்றிய கதைகளாலும் ஓவியங்களாலும் புகழ் பெற்றவர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் காஸ் காப் என்னும் ஊரில் அவர் நிலம் வாங்கி வேலி அடைத்தார். அதுவரை அவ்விடத்தில் தடையின்றித் திரிந்த ஊர்ச் சிறுவர்களுக்கு வேலி பிடிக்கவில்லை. வேலியைச் சேதப்படுத்தினார்கள், வாயிற்கதவில் கண்டபடி கிறுக்கினார்கள். சீட்டன் திரும்பத் திரும்ப வண்ணம் பூசினார். அவர்களும் திரும்பத் திரும்பக் கெடுத்தார்கள்.

வேறொருவராயிருந்தால் காவலரிடம் முறையிட்டிருப்பார். சீட்டனோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே நேரில் சென்றார். அந்தச் சிறுவர்களைத் தம் நிலத்தில் வந்து தங்குமாறு அழைத்தார். 1902-ஆம் ஆண்டில் நடந்தது இது. சிறுவர்கள் வந்தார்கள், உண்டார்கள், நீந்தினார்கள். இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கதை கேட்டார்கள். வேலியை உடைத்தவர்கள் விருந்தினராயினர்! அந்த விருந்திலிருந்தே சீட்டனின் காட்டுக்கலைச் சிறுவர் இயக்கம் வளர்ந்தது. 1906-இல் அவர் இங்கிலாந்தில் பேடன் பவலைச் சந்தித்துத் தம் முறைகளைப் பகிர்ந்துகொண்டார். 1910-இல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைமைச் சாரணராக விளங்கியவரும் இவரே.

மம்ரேயில் கூடார வாசலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், வழிப்போக்கர் மூவரை ஓடிச் சென்று அழைத்து உபசரித்ததை நாம் விவிலியத்தில் வாசித்திருக்கிறோம். கூடாரமும் விருந்தோம்பலும் அன்றுதொட்டு இணைந்தே வந்திருக்கின்றன எனலாம்.

பிரவுன்சீ தீவில் ஓர் அண்ணன் மகன்

சாரணத் தந்தை பேடன் பவல் நடத்திய முதல் முகாமைப் பலரும் அறிவர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் அமைந்த பிரவுன்சீ தீவில் அது நடைபெற்றது. ஏறத்தாழ 20 சிறுவர்கள் அதில் கலந்துகொண்டனர். புகழ்பெற்ற உயர்பள்ளிகளில் படித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறம். பூல், போர்ன்மத் ஊர்களைச் சேர்ந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் மறுபுறம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பவுண்டு, மற்றவர்க்கு மூன்றரை ஷில்லிங் என்று கட்டணத்திலும் இரக்கம் காட்டப்பட்டது. ஓநாய், காளை, குர்லூ பறவை, காக்கை என நான்கு அணிகள். காலையில் கூடூ என்னும் ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதி எழுப்புவார்கள்.

இந்த அணிகள் எதிலும் சேராத சிறுவன் ஒருவனும் அங்கிருந்தான். அவன் பெயர் டொனால்டு, வயது ஒன்பது. பேடன் பவலின் சகோதரர் சர் ஜார்ஜின் மகன். தந்தை 1898-இலேயே காலமாகிவிட்டார். தகப்பனில்லாத அந்தப் பிள்ளையைப் பெரியப்பனோ சித்தப்பனோ உடன் அழைத்துச் செல்வது நம் வீடுகளிலும் நடப்பதுதானே? டொனால்டு முகாமில் ஏவலனாக நின்று சிறு வேலைகளைச் செய்தான். சாரணர் முகாமில் குடும்ப உறவின் பேரில் வந்து தங்கியவர்களுள் முதல்வன் இச்சிறுவனே என்று சொன்னால் மிகையாகாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறவினன் என்பதற்காக அவன் வேடிக்கை பார்க்க விடப்படவில்லை. அவனுக்கும் ஒரு வேலை தரப்பட்டது.

பியர்சன் பதிப்பகத்தைச் சேர்ந்த பெர்சி எவரெட் என்பவரும் இந்த முகாமுக்கு விருந்தினராக வந்தார். இரவில் நெருப்பொளியில் நின்று பேடன் பவல் கதை சொன்ன காட்சியைப் பின்னாளில் அவர் எழுதிவைத்தார். பிரவுன்சீ இரவுகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பங்கு அந்த விருந்தினரின் கண்கள் வழியாக வந்ததே.

பெற்றோர் வரும் நாள்

அமெரிக்காவில் சாரணர் முகாம் 1910-ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் சில்வர் பே என்னுமிடத்தில் சீட்டனின் தலைமையில் தொடங்கிற்று. அதன்பின் ஊருக்கு ஊர் நிரந்தரமான முகாம் நிலங்கள் எழுந்தன. கோடை முகாம் என்பது பெரும்பாலும் ஒரு வார காலம். ஞாயிறன்று பிள்ளை போய்ச் சேரும். சனியன்று வீடு திரும்பும்.

இடையில் பெற்றோர் எப்போது வரலாம்? இக்கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. முகாமின் நோக்கம், பிள்ளை தன் படுக்கையைத் தானே விரித்து, தன் தட்டைத் தானே கழுவி, தன் அணியோடு ஒத்துப் போகக் கற்றுக்கொள்வது. தாயார் அருகிலிருந்தால் தட்டைத் தாயாரே கழுவிவிடுவார்! முதல் இரண்டு மூன்று நாட்கள் வீட்டு நினைவு வாட்டும். அந்நேரம் பெற்றோரைக் கண்டால் அழுகை கூடும். “பிடிக்காவிட்டால் சொல், வந்து அழைத்துப் போகிறோம்” என்று பிள்ளையிடம் முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று முகாம் தலைவர்கள் இன்றும் பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறார்கள். ஆகவே, வாரத்தின் நடுவிலோ இறுதியிலோ ஒரு மாலையைக் குடும்ப மாலை என்று குறிப்பது பல முகாம்களில் வழக்கமாயிற்று. பிள்ளை தேறிய பிறகு குடும்பம் வருகிறது. தான் கட்டிய முடிச்சையும் செதுக்கிய மரத்துண்டையும் பிள்ளை பெருமையோடு காட்டுகிறது.

1915-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், டெலாவேர் ஆற்றின் நடுவிலுள்ள டிரஷர் ஐலண்டு முகாமில், குட்மன், எட்சன் என்னும் இரு இளைஞர் ‘அம்பின் அணி’ என்ற சிறப்புச் சங்கத்தைத் தொடங்கினர். சக சாரணர்களே வாக்களித்துத் தம்மில் சிறந்தவர்களைத் தெரிந்தெடுப்பது அதன் முறை. தெரிந்தெடுக்கப்பட்டோரைப் பெயர் சொல்லி அழைக்கும் சடங்கு பல முகாம்களில் இந்தக் குடும்ப மாலையின் இரவிலேயே நடைபெறுகிறது. தன் மகன் அழைக்கப்படுவதைத் தீவட்டி வெளிச்சத்தில் காணும் தாய் தந்தையரின் மகிழ்ச்சியை என்னவென்பது!

1930-இல் சிறு வயதினர்க்கான குருளையர் பிரிவு அமெரிக்காவில் தொடங்கியபோது நிலைமை மாறியது. சிறு பிள்ளையைத் தனியே காட்டுக்கு அனுப்ப முடியுமா? குருளையர் முகாம் குடும்பத்தோடு சேர்ந்ததாகவே வளர்ந்தது. தகப்பனும் மகனும், பின்னர் தாயும் மகளும் ஒரே கூடாரத்தில் உறங்கும் முறை இப்படித்தான் வந்தது.

தன் வீட்டையே தந்தவர்

குடும்பங்களை வரவேற்ற முகாம்களில் நியூமெக்சிகோ மாநிலத்துச் சிமரான் ஊரருகே உள்ள பில்மாண்ட் தலையானது. எண்ணெய்த் தொழிலில் பொருளீட்டிய வெயிட் பிலிப்ஸ் என்பவர், 1938-இல் தம் மலைப்பண்ணையில் 35,857 ஏக்கரைச் சாரணர்களுக்கு நன்கொடையாக அளித்தார். பிள்ளைகள் அங்கு மகிழ்வதைக் கண்டு, 1941-இல் மேலும் நிலம் சேர்த்து மொத்தம் 1,27,395 ஏக்கராக்கினார். தம் குடும்பம் கோடையில் தங்கிவந்த ‘வில்லா பில்மாண்டி’ என்ற மாளிகையையும் கொடுத்தார். அம்மட்டுமன்று, இவற்றைப் பராமரிக்கும் வருவாய்க்காக டல்சா நகரிலிருந்த பில்டவர் என்னும் உயரமான கட்டடத்தையும் சேர்த்தே தந்தார். ‘கொடுப்பதைக் குறைவறக் கொடு’ என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அம்மாளிகையின் அருகே சாரணத் தலைவர்களுக்கான பயிற்சி மையம் அமைந்தது. இங்கே பயிற்சிக்கு வரும் தந்தையோ தாயோ தனியே வர வேண்டியதில்லை. வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் உடன் வந்து வரிசையாக அமைந்த கூடாரங்களில் தங்கலாம். பெரியவர் வகுப்பில் இருக்கும் நேரம், வயதுக்கேற்ற நிகழ்ச்சிகள் பிள்ளைகளுக்கு உண்டு. தன் நேரத்தை ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செலவிடும் தலைவனின் வீட்டாரும் ஒரு வாரம் மகிழட்டும் என்ற நன்றியுணர்வே இதன் அடிப்படை. பங்கில் மறைக்கல்வி ஆசிரியராகவும் பாடகர் குழுவிலும் உழைப்போரின் குடும்பங்களை நாம் இவ்விதம் நினைத்துப் பார்த்ததுண்டா?

விருந்தினரின் ஒரு நாள்

முகாமுக்குச் செல்லும் விருந்தினர் முதலில் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பல முகாம்களில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். உணவுக்குச் சீட்டு வாங்க வேண்டும். இரவு தங்குவோர் உடல்நலப் படிவமும் கொடுக்க வேண்டும். கூடாரம் பெரும்பாலும் மரப்பலகைத் தளத்தின்மேல் நிற்கும் கித்தான் கூடாரம். உள்ளே இரண்டு மடக்குக் கட்டில்கள். கொசுவலை அவசியம். கரடி நடமாடும் இடமானால் தின்பண்டம் மட்டுமன்று, வாசனையுள்ள பற்பசைகூடக் கூடாரத்தில் இருக்கலாகாது.

ஏரியில் இறங்க விரும்பினால் விருந்தினரும் நீச்சல் சோதனைக்கு உட்பட வேண்டும். நீந்தத் தெரியாதவர், கற்பவர், தேர்ந்தவர் என மூவகையாகப் பிரித்து அடையாள வில்லை தருவார்கள். துணையின்றி எவரும் நீரில் இறங்க முடியாது. இருவர் இருவராகவே செல்ல வேண்டும். ஐம்பது வருடம் ஆற்றில் நீந்தியவர் என்றாலும் விதி விதிதான்!

மாலையில் கொடி இறங்கும். உணவுக்கு முன் நன்றி மன்றாட்டு உண்டு. இறைப்பற்று என்பது அமெரிக்கச் சாரணச் சட்டத்தின் பன்னிரண்டு கூறுகளில் ஒன்றன்றோ! பிறகு பாசறைத் தீ. நாடகமும் நகைச்சுவையும் ஆட்டபாட்டமும் முதலில். நெருப்பு தணியத் தணியப் பாட்டும் தணிந்து, கடைசியில் அமைதி. ஊதுகொம்பு ஒலித்ததும் விளக்குகள் அணையும்.

மூடப்பட்ட கதவுகள்

இதுவரை சொன்னது ஒளி. இனிச் சொல்வது இருள். மலர் என்பதற்காக மறைத்துவிட நமக்கு மனமில்லை.

முகாம்களில் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த பெற்றோரின் நம்பிக்கையைச் சிலர் கொடிய முறையில் மீறினார்கள். தகாதவரென்று நீக்கப்பட்ட தன்னார்வலர்களைப் பற்றிய கோப்புகளை அமெரிக்கச் சாரணர் தலைமையகம் பல்லாண்டுகள் இரகசியமாகவே வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையான 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள், ஓரிகன் மாநில நீதிமன்ற ஆணையால் 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயின. 2020 பிப்ரவரியில் அவ்வமைப்பு திவால் மனு தாக்கல் செய்தது. அவ்வாண்டு நவம்பருக்குள், சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் முறையீடு செய்தனர். பாதிக்கப்பட்டோர்க்கென 246 கோடி டாலர் இழப்பீட்டு நிதியை உள்ளடக்கிய திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சாரணர் குழுக்களைத் தம் பொறுப்பில் நடத்திய கத்தோலிக்கப் பங்குகளும் அவ்வழக்கில் உட்பட்டிருந்தன. நம் திருச்சபையும் இதே பாவத்தின் காயத்தைப் பல நாடுகளில் சுமக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆதலால் பிறரைச் சுட்டும் விரல் நமக்கில்லை.

இந்தக் கண்ணீரிலிருந்து பிறந்தவையே இன்றைய விதிகள். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, எந்தச் சாரணர் நிகழ்ச்சியிலும் 21 வயது நிரம்பிய, பதிவு பெற்ற இரு தலைவர்களாவது இருக்க வேண்டும். தனியாக ஒரு பெரியவரும் தனியாக ஒரு பிள்ளையும் இருக்கலாகாது. குருளையர் முகாமில் மட்டும் பெற்றோர் தம் குடும்பத்தோடு ஒரே கூடாரத்தில் தங்கலாம். மூத்த சாரணர் பிரிவில் பெரியவர்களும் பிள்ளைகளும் தனித்தனிக் கூடாரத்திலேயே உறங்க வேண்டும். குளியலறையும் கழிப்பறையும்கூடத் தனித்தனி.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்தது. இரவு தங்கும் பெரியவர் எவராயினும் முறைப்படி உறுப்பினராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு என்றால் பாதுகாப்புப் பயிற்சியும், குற்றப் பின்னணி உண்டா என்ற சோதனையும் அடங்கும். குருளையர் முகாமில் சொந்தப் பிள்ளையோடு தங்கும் பெற்றோருக்கும் சட்டப்படியான காப்பாளருக்கும் மட்டுமே விலக்கு உண்டு. தாத்தா பாட்டியர் இந்த விலக்கில் அடங்குவதில்லை. 2025 பிப்ரவரியில் அவ்வமைப்பு ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று பெயர் மாற்றிக்கொண்ட பின்னரும், பிள்ளைகளைக் காக்கும் இந்தக் கண்டிப்பு தொடர்கிறது.

பெரியவர்களே! உங்களைத் தடுக்கும் விதி உங்களைச் சந்தேகிப்பதாக எண்ண வேண்டாம். நல்ல தாத்தாவையும் தீய மனிதனையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதை அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் ஒரு பிள்ளையாவது தப்பும்.

ஆனால் அதே விதிகளில் மற்றொன்றும் இருக்கிறது, அதை மறவாதீர்கள். சாரணர் நிகழ்ச்சி எதுவும் பெற்றோரின் பார்வைக்கு மூடப்பட்டதாக இருக்கக் கூடாது. இரகசியக் கூட்டத்துக்கும் இரகசியச் சடங்குக்கும் அங்கு இடமில்லை. ஆகவே, இரவு தங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வந்து பார்ப்பதற்குத் தடை இல்லை. பெற்றோர் நிறைந்து வழியும் முகாம் முகாமே அன்று. பெற்றோர் எட்டிப் பார்க்கவே முடியாத முகாமோ ஆபத்தானது.

நமக்குரிய பாடம்

இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று. நம் பங்கிலும் மறைக்கல்விச் சுற்றுலா உண்டு. விடுமுறைத் தியானமும், இளையோர் முகாமும், விடுதிகளும் உண்டு. பிள்ளையை அனுப்பும் முன் நாம் கேட்க வேண்டியவை சில: இரவில் பொறுப்பிலிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர், யாவர்? பிள்ளைகள் எங்கே உறங்குவார்கள்? பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா? இவ்வாறு கேட்பது குருவானவரையோ கன்னியரையோ அவமதிப்பதாகாது. நல்ல மேய்ப்பர் இக்கேள்விகளை மகிழ்வோடு ஏற்பார். நாம் கேட்பதற்கு முன்பே சொல்லவும் செய்வார்.

பேரப்பிள்ளையின் முகாமுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். இயன்றவர் மாதங்களுக்கு முன்பே பதிவையும் பயிற்சியையும் முடித்து ஓர் இரவு தங்குங்கள். இயலாதவர் பாசறைத் தீ அணையும்வரை உடனிருந்து, பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர் அளித்து வீடு திரும்புங்கள். அந்தப் பிள்ளை தன் அணியோடு கூடாரத்துக்கு நடந்து போவதைப் பார்ப்பதே பெரும் பேறு. அது தனியே உறங்கக் கற்றுக்கொள்கிறது. நாமோ அதை நம்பி விடக் கற்றுக்கொள்கிறோம்.

சூசையப்பரும் மரியன்னையும் பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாட்கள் தேடியலைந்து, கோவிலில் கண்டு மகிழ்ந்தார்கள். பிள்ளையைப் பிரிந்திருக்கும் ஒவ்வொரு தாய் தந்தையரின் கலக்கத்தையும் திருக்குடும்பம் அறியும். நம் பிள்ளைகள் எந்த நாட்டில், எந்தக் கூடாரத்தில் கண்ணுறங்கினாலும் இறைவனின் காவலும், விழிப்புள்ள பெரியவர்களின் காவலும் அவர்களுக்கு என்றும் கிடைப்பதாக!